முக்கால் தணிகைவேலும் பொம்மியும்

என் அக்கா வீட்டுக்காரர் தணிகைவேலுக்குத் திருப்புலிவனத்தில் இன்னொரு பெயர் உண்டு. முக்கால். எதைத் தொடங்கினாலும் முக்கால் பங்கு வரைக்கும் பிரமாதமாகக் கொண்டுவந்து, கடைசியில் கோட்டை விட்டுவிடுவார். தேங்காய் துருவ ஒரு மிஷின் செய்தார். முக்கால் மூடியைப் பூப்போலத் துருவிவிட்டு, மீதியை ஓட்டோடு சேர்த்து அரைத்துக் கொடுத்தது. தொட்டி நிரம்பினால் தானாக நிற்கிற சுவிட்சு செய்தார். முக்கால் தொட்டியிலேயே நின்றது. மகள் பிருந்தாவின் கல்யாணத்துக்கு மணமேடைக்குப் பின்னால் இதழ் விரிகிற தாமரை ஒன்றை வைத்தார். எட்டு இதழில் ஆறு விரிந்தது. மீதி இரண்டையும் விரிக்கிறேன் என்று ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டதால், தாலி கட்டும் போட்டோவில் பெண்ணைப் பெற்றவரையே காணோம்.

இதைக் கேட்டு அவரைக் கையாலாகாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. உத்திரமேரூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு வீடுமே நெசவு வீடுதான்; அவர் மட்டும் பதினேழு வயதில் பட்டு நூலை விட்டுவிட்டுச் செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எரிந்துபோன மோட்டாரைக் கொடுத்தால் மறுநாள் கிணற்றில் தண்ணீர் ஏறும். தொழிலில் முழுசு, ஆசைக்குச் செய்வதில் முக்கால். அவ்வளவுதான் அவர் கணக்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹரிஹரசுதன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் புடவை மடிக்கிறேன். வருகிறவர்கள் நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'அடுத்த மாசம் வரோம்' என்று கிளம்பிவிடுவார்கள். அந்த நாற்பதையும் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து வைப்பவன் நான். பட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கை ஒன்றைப் பார்த்தால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். இந்தக் குணத்தால்தான் இந்தக் கதையில் இத்தனை குழப்பமும் வந்தது. அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

போன வருஷம் எங்கள் கடையில் புடவை கட்டி நிறுத்துகிற பொம்மை ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். இடது கைச் சுண்டு விரல் உடைந்திருந்தது, மற்றபடி லட்சணமான முகம். மாமா கேட்டார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்.

இரண்டே மாதத்தில் மாமா அதை நடக்க வைத்துவிட்டார். நடக்க என்றால் உருள. பழைய வேனிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் இரண்டு, நான்கு சக்கரம், பைக் பேட்டரி. இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் நகத்தளவு ப்ளூடூத் வில்லை. செல்போனில் அம்புக்குறியை அழுத்தினால் வில்லை அதைக் கேட்டுக்கொண்டு மோட்டாருக்குச் சொல்லும். சோப்பு டப்பாவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் உண்டு. போனோடு தொடர்பு இருந்தால் நிதானமாக எரியும், அறுந்துவிட்டால் படபடவென்று சிமிட்டும். கையில் ஒரு தட்டைப் பொருத்திவிட்டால் பொம்மை தட்டேந்திக்கொண்டு போகும், வரும். பெயர் பொம்மி. அம்மணமாக நிற்கக் கூடாது என்று என் அக்கா இந்திராணி தன்னுடைய பழைய நைட்டி ஒன்றைப் போட்டுவிட்டாள். நைட்டி போட்ட பொம்மி தெருவில் தண்ணித் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. முக்கால் என்ற பெயர் போய்விடுமோ என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் பிருந்தாவுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. மாகறலில், அவள் மாமியார் ஊரில், சமுதாயக் கூடத்தில் வளைகாப்பு. நாங்கள் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பிருந்தா போன் செய்தாள்.

"நைனா, வளையல் தட்டைப் பொம்மி எடுத்துக்கினு வரட்டும்."

"வேணாம்மா. எதுனா ஆயிடுச்சின்னா உன் மாமியார் இன்னா சொல்வாங்க?"

"அவுங்க எப்பவும் சொல்லிக்கினுதான் கீறாங்க. நான் எதையாவது பாதியில வெச்சா, முக்கால் மவதானேன்னு சிரிக்கிறாங்க. இது ஒண்ணு முழுசா வரட்டும் நைனா. எனக்காக."

மாமா போனை வைத்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "வளைகாப்புல ஆம்பளைக்கு இன்னா வேலை மச்சான்? பொம்பளைங்க வளையல் போடுவாங்க, நாம பந்தியில உக்காந்து தின்னுட்டு வருவோம். தாலி கட்ட சொல்லோவும் நான் அங்க இல்ல. இந்தத் தட்டையாவது என் கையால என் பொண்ணுகிட்ட சேக்கணும்."

நான் பொம்மியின் கையைப் பார்த்தபடி, "பொம்மிக்கு ஒரு கை சுண்டு விரலே இல்ல மாமா" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சபைக்கு நைட்டியோட வரக்கூடாது. என் முகூர்த்தப் பட்டு கீது, அதைக் கட்டு."

கட்டியது நான்தான். அரக்கு நிறப் பட்டு. உடம்பெல்லாம் வெறும் பட்டு, முந்தானை முழுக்க அசல் வெள்ளிச் சரிகை. முந்தானையை எட்டு மடிப்பாக, ஒரு நூல் பிசகாமல் மடித்து, தோளில் ஊசி குத்தி, முதுகு வழியாக முழங்கால் வரைக்கும் தொங்கவிட்டேன். எங்கள் கடை வாசலில் நிறுத்துகிற பொம்மைக்குக்கூட அப்படிக் கட்டியதில்லை. தெருவே பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா வாசலில் நின்று அம்புக்குறியை அழுத்தினார். பொம்மி கிளம்பியது. இருபது அடி போனது. முப்பது அடி போனது. நின்றுவிட்டது. போனில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது.

"அய்யே, முக்கால்லயே நின்னுக்கிச்சி!" என்றாள் எதிர்வீட்டு எல்லம்மாள்.

மாமா போனும் கையுமாக ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். எதற்கு? அவர் அந்தக் கிரீஸ் கையால் பட்டைத் தொட்டுவிடுவாரே!

"இரு மாமா, இரு! புடவையில கைய வெக்காத!" என்று கத்திக்கொண்டே ஊசியைக் கழற்றி, புடவையை அவிழ்த்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நைட்டியை மாட்டிவிட்டேன். "இப்ப பாரு."

அவர் டப்பாவைத் திறந்தார். விளக்கு நிதானமாக எரிந்தது. வாசலுக்குத் திரும்பி வந்து ஓட்டினார். பொம்மி தண்ணித் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பியது.

"இன்னா பேஜாரா கீது. இப்ப நல்லாதானே ஓடுது?"

அன்றிலிருந்து ஒரு வாரம் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டார் கிளம்பும்போது கரண்டை இழுத்துக்கொள்ளும், அதில் வில்லை அணைந்து போகிறது என்றார். வில்லைக்குத் தனிப் பேட்டரி வைத்தார். நைட்டியில் ஓட்டிப் பார்த்தார், ஓடியது. பட்டைக் கட்டி அக்காவுக்குக் காட்டினோம். முப்பது அடியில் நின்றது. நான் ஓடினேன், அவிழ்த்தேன், மடித்தேன். அவர் திறந்து பார்த்தார், நன்றாக இருந்தது.

வில்லைதான் கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டார். போன், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த அம்புக்குறி ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது என்று சந்தேகப்பட்டு அந்த வசதியை நிறுத்தினார். தொடர்பு அறுந்தால் ஆப் தானாகவே மறுபடி மறுபடி தேடட்டும் என்று மாற்றி வைத்தார். தெருவில் இருக்கிறவர்களின் போன் எதுவும் குறுக்கே வந்து ஒட்டிக்கொள்கிறதோ என்று பாஸ்வேர்டையே மாற்றினார். எல்லம்மாள் வீட்டு கிரைண்டர் மேல் பழி போட்டு, அவள் மாவரைக்காத நேரமாகப் பார்த்து ஓட்டினார். நைட்டியில் ஒவ்வொரு தடவையும் ஓடியது. பட்டில் ஒவ்வொரு தடவையும் நின்றது. நடுவில் நான் புடவையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"கண்ணு பட்டுட்ச்சிய்யா" என்றாள் அக்கா. "பட்டு கட்டினா அவ்ளோ அழகா கீறா. ஊர்க்கண்ணு சும்மா இருக்குமா?" பொம்மிக்குச் சுற்றிப் போட்டாள். கன்னத்தில் மையால் ஒரு பொட்டும் வைத்தாள்.

ஒரு நாள் பட்டு கட்டிய பொம்மியைத் தண்ணித் தொட்டியருகே நிறுத்தி வாசலுக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டு, மாமா ஒன்றை மட்டும் கவனித்துச் சொன்னார். "மச்சான், எங்கிட்ட வர சொல்லோ நிக்க மாட்டேங்குது. என்னை விட்டுப் போ சொல்லோதான் நிக்குது."

"பொண்ணுங்க எல்லாம் அப்பிடித்தான் மாமா, அப்பன் வூட்டை விட்டுப் போறதுன்னா கால் வராது" என்று நான் வேடிக்கை பேசினேன். வேடிக்கை பேசிய நேரத்தில் யோசித்திருக்கலாம்.

வளைகாப்பு நாள் வந்தது. பொம்மியைக் குட்டியானை வேனில் ஏற்றி, பட்டு கசங்காமல் நானே பிடித்துக்கொண்டு மாகறல் போய்ச் சேர்ந்தோம். கூடம் நிறைய ஜனம். அந்தக் கோடியில் மணையில் பிருந்தா உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் அவள் மாமியார் ஆண்டாளம்மாள், சரியான வாய்க்காரி. இந்தக் கோடியில், வாசற்படி ஓரத்தில், ஆண்கள் நிற்கிற இடத்தில் மாமா. நடுவில் நாற்பதடி இருக்கும்.

பத்துத் தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். பதினோராவது பொம்மியின் கையில். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக.

மாமா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பொம்மி கிளம்பியது. கூடமே வாயைப் பிளந்தது. நாகஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார். பத்தடி, இருபதடி. பிருந்தா கையை நீட்டிவிட்டாள்.

முப்பதடியில் பொம்மி வெடுக்கென்று நின்றது. நின்ற வேகத்தில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. வளையல்கள் சலசலவென்று ஓரத்துக்கு வழுக்கின.

வளைகாப்பில் வளையல் உடைந்தால் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மாமா போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். தட்டைத் தாங்கிப் பிடித்து, கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வளையலும் விழவில்லை.

ஆண்டாளம்மாள் சிரித்தார். "இன்னா சம்பந்தி, இங்கயும் முக்கால்தானா? சரி சரி, கையில எடுத்துக்கினு வந்துடுங்க. பத்தடிதானே?"

நாலு பேர் சிரித்தார்கள். பிருந்தா சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. என் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வழக்கப்படி புடவையை அவிழ்க்க ஓரடி எடுத்து வைத்தேன். அக்கா நிமிர்ந்து என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்.

"டேய்! சபையில, பிள்ளைத்தாச்சி முன்னால, பொம்மையா இருந்தாலும் புடவைய அவுப்பியா? நில்லுடா அங்கயே!"

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன், போனும் கையுமாக.

ஆக, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொம்மி பட்டோடு இருக்க, போன் முப்பதடி தள்ளி இருக்க, மாமா டப்பாவைப் பார்க்கப் போனார். முதலில் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். சக்கரத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் முதுகுப் பக்கம் வந்து, விளக்கைப் பார்ப்பதற்காக, என் எட்டு மடிப்பு முந்தானையை ஒரு கையால் தூக்கினார்.

என் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. இணைந்துவிட்டது.

"மாமா! ஒட்டிக்கிச்சி!"

அவர் சந்தோஷத்தில் முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரத்தில் போன் உறுமியது. துண்டிக்கப்பட்டது.

"போயிடுச்சி மாமா!"

அவர் மெதுவாகத் திரும்பிப் பொம்மியைப் பார்த்தார். முந்தானையைத் தூக்கினார்.

"வந்துட்ச்சி!"

விட்டார்.

"போச்சி!"

இன்னொரு தடவை தூக்கினார். எனக்கு அதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. "வந்துட்ச்சி" என்று மெல்லச் சொன்னேன்.

மாமா அந்தச் சரிகையை விரலால் நெருடிப் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வாசல் வரைக்கும் கேட்டது.

"முப்பது வருசமா கம்பி சுத்தறேன் மச்சான்! வெள்ளிக் கம்பிய எட்டு மடிப்பா முதுகுல போத்திக்கினு நிக்கிறா, எனக்குத் தெரியலையே!"

சரிகை வெறும் மினுக்கு அல்ல, வெள்ளியைக் கம்பியாக இழுத்துப் பட்டு நூல் மேல் சுற்றியது. எங்கள் இருவருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். எங்களிடமிருந்து பொம்மி விலகிப் போகும்போது அந்த எட்டு மடிப்பும் போனுக்கும் வில்லைக்கும் நடுவே சுவராக நின்றிருக்கிறது. திரும்பி வரும்போது முந்தானை அந்தப் பக்கம் போய்விடும், அதனால் நிற்காது. மாமா போனோடு பக்கத்தில் போனால் அந்தக் கிட்டத்துக்கே ஒட்டிக்கொண்டுவிடும். இதையெல்லாம் முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம், ஒவ்வொரு தடவையும் குற்றவாளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஓடாமல் இருந்திருந்தால். அந்த ஒருத்தன் நான்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கூடத்தில் அவர் அடுத்துச் செய்ததைச் சொல்ல வேண்டும். முந்தானையை முன்னால் இழுத்து, வேலை செய்கிற பெண்கள் செய்வதுபோல் பொம்மியின் இடுப்பில் செருகினார். சக்கரத்தைத் தடவிய அதே கையால். சரிகை மேல் நாலு விரலும் கறுப்பாகப் பதிந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"அதான் கையில கீதே சம்பந்தி, அப்பிடியே குடுத்துடுங்க" என்றார் ஆண்டாளம்மாள் மறுபடியும்.

மாமா தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பத்தே அடி. வேறு நாளாக இருந்தால் கொடுத்துவிட்டிருப்பார். அன்றைக்குத் தட்டைப் பொம்மியின் கையில் திரும்பப் பொருத்திவிட்டு, அந்த முப்பதடியும் திரும்பி நடந்து வாசலுக்கு வந்தார். என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

அழுத்தினார். பொம்மி கிளம்பியது. முப்பத்தோரடி, முப்பத்திரண்டடி. இடுப்பில் செருகிய முந்தானையோடு, கறிவேப்பிலை வாங்கப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று போய், பிருந்தாவின் மடிக்கு நேராக நின்றது. நாகஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளத்துக்கு ஜாடை காட்டினார். பிருந்தா தட்டை வாங்கிக்கொண்டு, "நைனா!" என்று அங்கிருந்தே கத்தினாள். பிள்ளைத்தாச்சி அப்படிக் கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆண்டாளம்மாள் பொம்மியை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பினார்.

"இன்னா சம்பந்தி, தட்டை மட்டும் அனுப்பிட்டு அங்க நின்னுக்கினு கீறீங்க? வாங்க, ஒரு வளையல் போட்டுட்டுப் போங்க. இன்னாத்துக்கு முக்கால்லயே விடணும்?"

ஆண்கள் யாரும் போகாத அந்தக் கோடிக்கு மாமா போனார். கறுப்புக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பிருந்தா அந்தக் கையைப் பிடித்துத் தன் கையோடு வைத்துக்கொண்டாள். ஒரு பச்சை வளையல். அதை அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் என் அக்கா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

மறுநாள் பட்டை எங்கள் கடைக்கு எடுத்துப்போய்க் கறை எடுக்கலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். கிரீஸ் கறைக்கு எங்களிடம் ஒரு பொடி இருக்கிறது, தடம் தெரியாமல் எடுத்துவிடும். அக்கா பீரோவைத் திறந்து புடவையைக் காட்டினாள். முந்தானையில் நாலு விரல் தெளிவாக இருந்தது.

"எடுத்துக்கினு போவட்டாக்கா? ரெண்டே நாள்ல புதுசாட்டம் குடுக்கறேன்."

"அதுல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்" என்றாள். "மடிச்சி மட்டும் வெச்சிட்டுப் போ."

விரல் தடம் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்துவிட்டு வந்தேன்.